வடசென்னையில் ஒரு தெருவின் நோய் அபாயத்தைக் கணிப்பது எப்படி?

ஆவணி பிறந்துவிட்டால், தெருத் தெருவாகப் போய் நோய் அபாயத்தைக் கணிக்கும் எங்கள் குழுவில் புதிதாக நாலைந்து பேர் சேருவார்கள். கல்லூரி முடித்த பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கும் அக்காக்கள். வந்த அன்றே எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எந்த ஏரியாக்கா ரொம்ப மோசம்?"

அதற்கு ஏரியா பெயரைச் சொல்லி நான் பதில் சொன்னதே கிடையாது. புளியந்தோப்பு என்றோ வியாசர்பாடி என்றோ சொல்லிவிட்டால் கேட்டவர் மனதில் அது முத்திரையாக விழுந்துவிடும். அப்புறம் அங்கே போய் எதையும் உற்றுப் பார்க்க மாட்டார். ஒரே வார்டில் ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தி பேதி இருக்கும், அடுத்த தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது. இரண்டு தெருவுக்கும் தண்ணீர் வருகிற லைன் வேறாக இருக்கும். ஆகவே நாம் கணிக்க வேண்டியது தெருவை. அதன் குழாயை, தொட்டியை, பள்ளத்தை, அங்கே குடியிருப்பவர்களை. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று வடசென்னையின் எந்த மூலையில் நீங்கள் இருந்தாலும் ஒரு நோட்டு, ஒரு டார்ச், நல்ல செருப்பு, வாரத்தில் இரண்டு காலை நேரம் இருந்தால் இதைச் செய்யலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

உலக சுகாதார அமைப்பு தொற்றுநோய் அபாயத்தை விரைவாகக் கணிக்க ஒரு முறை வைத்திருக்கிறது. நம் தெருவுக்கு ஏற்றபடி அதை மூன்று கேள்வியாகச் சொல்கிறேன். என்ன நோய் வரக்கூடும்? அது எந்த வழியாக, யாரிடம் போய்ச் சேரும்? வந்துவிட்டால் தாங்குகிற நிலையில் இந்த இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் அபாயம் அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். கிருமி இருக்கிறது என்பதாலேயே அபாயம் வந்துவிடாது. கிருமி, வழி, தாங்கும் சக்தி என்ற மூன்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் கேள்விக்கு ஊரின் பழைய கதை உதவும். 1992-ல் இதே சென்னையில், அப்போது மெட்ராஸ், ஒரு புதுவகைக் காலராக் கிருமி கண்டறியப்பட்டது. ஓ139 என்று பெயர். அதுவரை ஓ1 வகைதான் பெரிய அளவில் காலராவைப் பரப்பியது. ஓ1 வந்து தேறி எதிர்ப்புசக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் புதுக் கிருமி தாக்கியது. "இங்கே காலரா எல்லாருக்கும் பழகிப்போனதுதான்" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை ஞாபகப்படுத்துங்கள்.

நம் பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது. தண்ணீர் வழியாக: வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபாய்டு, மஞ்சள்காமாலை. கொசு வழியாக: டெங்கு, சிக்குன்குனியா, மலேரியா. வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல். மூச்சுக்காற்று வழியாக ஃப்ளூ, தட்டம்மை, சின்னம்மை, காசநோய். எல்லாமும் எல்லா மாதமும் சமமாக வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நோய்களும் டெங்குவும் ஏறும். சின்னம்மை பெரும்பாலும் மாசி, பங்குனியில் தொடங்கி வெயில் காலத்திலும் நீடிக்கும்.

நிலத்தைக் காலால் அளந்து பாருங்கள்

தெருவின் வரைபடத்தை நீங்களே கையால் வரையுங்கள். ஃபோனில் இருக்கிற மேப்பில் பள்ளம் மேடு தெரியாது. வடசென்னை கடலோரத்துத் தட்டை நிலம். மழைத் தண்ணீர் வடிந்து போக பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று சில வழிகள்தான். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் தண்ணீர் வடியாமல் அங்கேயே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எங்கே எத்தனை நாள் நின்றது என்பதை வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம். பல சந்துகளில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அது இடுப்பளவா முழங்காலளவா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு எந்த வீட்டின் சம்ப் முதலில் முழுகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் குறியுங்கள்: இந்தத் தெரு பழைய மாநகராட்சிப் பகுதியா, 2011-ல் சேர்த்த பகுதியா? ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பாதாளச் சாக்கடை உண்டு, ஆனால் பழசு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் பல இடங்களுக்குச் சாக்கடை இணைப்பு பிற்பாடுதான் வந்தது. செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகள் இருக்கும். முதல் வகையில் குழாய் உடைவது பிரச்சினை. இரண்டாவது வகையில் மழைக்கு டேங்க் நிரம்பி வெளியே வருவது பிரச்சினை.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை ஒட்டிய தெருக்களாக இருந்தால் ஈ, எலி, நாய் மூன்றையும் தனியாக எழுதுங்கள். 300 ஏக்கருக்கும் மேல் பரந்த கிடங்கு அது. அங்கே சலித்துப் பொறுக்கிப் பிழைக்கிறவர்களுக்கு டி.டி. ஊசி போட்டிருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்று கேட்பதும் அபாயக் கணிப்புதான்.

தண்ணீர்: அதிக நேரம் இதற்குத்தான்

ஒரு வாரத்துக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் தண்ணீரைப் பாருங்கள் என்பேன்.

எப்படிக் கெடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் விடுகிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். தண்ணீர் நின்றதும் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது சுற்றி ஊறியிருக்கிற சாக்கடைத் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே போய்விடும். மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான். இதில் யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம். அந்த இழுப்பில் தண்ணீரோடு சேர்த்து அழுக்கையும் இழுத்துவிடும், தெருவில் கடைசி வீட்டுக்குச் சொட்டும் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவி போதும். குளோரோஸ்கோப் என்பார்கள், சுகாதார ஆய்வாளர் கையிலும் குடிநீர் வாரியத்துக்காரர்கள் கையிலும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சில சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சள். இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். வீட்டுக் குழாயில் ஒரு லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மருந்தை விட்டவுடனே பார்த்துவிடுங்கள். நேரம் போகப் போக மஞ்சள் கூடிக்கொண்டே போகும், ஏமாந்துவிடுவோம். சோதித்த தண்ணீரைக் குடத்தில் திரும்ப ஊற்றாதீர்கள், அந்த மருந்து விஷம்.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தேகால் மணி, தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் வரிசையாக இருந்தன. முதல் வீட்டுக் குழாயில் சோதித்தேன். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி நல்ல மஞ்சள். நடுவில் இருந்த வீட்டில் மஞ்சள் மங்கியிருந்தது. கடைசி வீட்டில் நிறமே இல்லை. அந்த வீட்டு அம்மா சொன்னார்: "மூணு நாளா கலங்கலா வருதுமா. மொத ரெண்டு கொடம் நாத்தம். அத்த கீழ ஊத்திட்டு அப்பாலதான் புடிப்பேன்." அவர் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்ததும் ஒரு சோதனைதான், எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் குளோரின் இருந்து கடைசியில் இல்லாமல் போகிறது என்றால் நடுவில் எங்கேயோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். தொடக்கத்திலேயே இல்லை என்றால் கோளாறு மேலே, தண்ணீர் கிளம்புகிற பக்கம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிப் புகார் கொடுத்தால் தோண்ட வருகிறவர்களுக்கு எங்கே தோண்டுவது என்று தெரியும். அன்றைக்கு நடு வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் இடையில்தான் தோண்டினார்கள். உடைசல் அங்கேதான் இருந்தது.

ஆகவே ஒரு தெருவுக்கு மூன்று இடம், இரண்டு நேரம்: முதல் குடம், பத்து நிமிடம் கழித்து ஒரு குடம். லாரித் தண்ணீர், சின்டெக்ஸ் தொட்டி, வீட்டுச் சம்ப் ஆகியவற்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். தெருக்குழாயில் நன்றாக இருந்து, திறந்து கிடக்கும் சம்பில் கெட்டுப்போவது சகஜம். அடிபம்பில் வருவது நிலத்தடித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்காது. குடிக்க எடுக்கிறார்களா, பாத்திரம் கழுவ மட்டுமா என்று கேளுங்கள். கேன் தண்ணீர் வாங்குகிறோம் என்று சொல்பவர்கள் பல் தேய்க்க, சட்னி அரைக்க எந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் என்றுதான் வரும்.

நிறம் வராத வீடுகளுக்கு அங்கேயே சொல்ல வேண்டியது: கொதிக்க வைத்துக் குடியுங்கள், நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும், சரி செய்தாகிவிட்டது என்று நாங்கள் திரும்ப வந்து சொல்லும் வரை. குடிநீர் வாரியத்துக்கு 1916, மாநகராட்சிக்கு 1913. புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள், தேதியோடு.

கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், வீட்டுக்குள்ளும் வாசலிலும் சேமித்த நல்ல தண்ணீரில் முட்டையிடும். சென்னை மலேரியாவுக்குக் காரணமான அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும், இரவில் கடிக்கும். சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது, ஆனால் டெங்குவுக்கு அது காரணமில்லை. சாக்கடையைப் பார்த்துக் கோபப்படுகிற நேரத்தில் பாதியை பேரலுக்குள் டார்ச் அடிப்பதற்கு ஒதுக்கினால் பலன் அதிகம்.

கொசுப்புழு தெரிந்தால் எப்படி மிதக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி கிடந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ்.

பார்க்க வேண்டிய இடங்கள்: மூடாத பேரல், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், டயர், பூந்தொட்டித் தட்டு, கட்டுமானம் நடக்கும் இடத்துத் தொட்டி. காசிமேட்டில் என்றால் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிகளும் கரையில் ஏற்றி வைத்த படகுகளும். நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது ஒரு கணக்கு, எத்தனை பாத்திரத்தில் இருந்தது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் எழுதுங்கள். போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பேரலைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது. நார் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

பேரல் வைத்திருக்கிற வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் இடத்தில் பிடித்து வைக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? பழைய புடவைத் துணியை வாயில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் காட்டுங்கள். அறிவுரையைவிட அது சீக்கிரம் எடுபடும். புகை மருந்து அடிக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பறக்கிற கொசுவை அது கொல்லும், பேரலில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் எங்கே முதலில் தெரியும்

அரசு முறையில் மூன்று படி உண்டு: களப் பணியாளர் சந்தேகப்படுவது, மருத்துவர் நோயென்று கருதுவது, ஆய்வகம் உறுதி செய்வது. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் இம்மூன்றும் தனித்தனிப் படிவங்களில் போகும். 2021 முதல் ஆன்லைனில் பதிவாகிறது. பதிவு நல்லதுதான். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கணக்கு. கூலி வேலைக்குப் போகிறவர் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டார். மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

அதனால் மெடிக்கல் கடைக்காரரைச் சினேகம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வழக்கத்தைவிட அதிகம் போனதா, பேதி மாத்திரை அதிகம் போனதா என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், அளவு போதும். அங்கன்வாடியில் எத்தனை குழந்தை வரவில்லை, பள்ளியில் எந்த வகுப்பில் வருகை குறைந்தது என்று கேளுங்கள். அப்புறம், வாசலில் வேப்பிலை. அம்மை போட்டிருக்கும் வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பார்கள். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். நோயாளியைத் தனியாக வைப்பதில் அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் அது சின்னம்மையா தட்டம்மையா என்று தெரிந்தாக வேண்டும். தட்டம்மை என்றால், தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். வாசலுக்கு வெளியே நின்று, "அம்மா முத்து எப்போம்மா போட்டுது? கூடப் பொறந்த புள்ளைங்களுக்கு ஊசி போட்டாச்சா?" என்று அடக்கமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் ஒன்று என இரண்டு தவணை தட்டம்மை ஊசி. ஒன்றுகூடப் போடாத குழந்தைகளின் எண்ணிக்கை அந்தத் தெருவின் அபாயத்தைச் சொல்லிவிடும்.

பட்டியல் எழுதும்போது யாரைச் சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, வீடு, எங்கிருந்து தண்ணீர், எங்கே வேலை, அறிகுறி தொடங்கிய தேதி. ஆஸ்பத்திரிக்குப் போன தேதியை இதற்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள். புதியவர்கள் அதிகமாகச் செய்கிற தவறு இது.

எண்ணியதை வகுத்துப் பாருங்கள்

ஒரு தெருவில் 600 பேர், அதில் 12 பேருக்குப் பேதி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துச் சந்தில் 100 பேர், 8 பேருக்கு. பன்னிரண்டு பெரிதாகத் தெரியும். வகுத்தால் முதல் தெரு நூற்றுக்கு 2, சந்து நூற்றுக்கு 8. முதலில் ஓட வேண்டியது சந்துக்கு. ஆள்தொகைக்கு ரேஷன் அட்டைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மாதவரம் குடோன்களிலும் மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு சார்ட் அட்டை எடுத்து, கீழே தேதிகளை எழுதி, ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கு அறிகுறி தொடங்கிய தேதியின் மேல் ஒரு பொட்டு ஒட்டுங்கள். நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுதான். நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம். இரண்டு நாளில் மலைபோல் ஏறி இறங்கினால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள்: ஒரு விசேஷச் சாப்பாடு, ஒரு தண்ணீர் வரத்து. தண்ணீர் விடுகிற நாளுக்கு அடுத்தடுத்து மேடு வந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அலை அலையாக ஏறினால் ஆளுக்கு ஆள் பரவுகிறது.

கிருமி உள்ளே போவதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையிலுள்ள அடைகாலம் தெரிந்தால் பின்னோக்கி எண்ணலாம். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள். டெங்குவுக்கு 4 முதல் 10 நாள். எலிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள். டைஃபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலைகளில் ஹெபடைடிஸ் ஏ-க்கு இரண்டு முதல் ஏழு வாரம், ஹெபடைடிஸ் இ-க்கு இரண்டு முதல் பத்து வாரம்.

யாரால் தாங்க முடியாது

கர்ப்பிணிகள் எத்தனை பேர், எத்தனையாவது மாதம்? ஹெபடைடிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகும். கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிக்கு உயிருக்கே ஆபத்து. குடிநீரில் சாக்கடை கலந்த தெருவில் கர்ப்பிணி இருந்தால் அந்த வீட்டுக்கு அன்றே போங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை பேர், தனியாக இருக்கும் முதியவர் யார், சர்க்கரை, டயாலிசிஸ், காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் யார்? வெள்ளத்தில் இறங்கி வேலை பார்ப்பவர் யார்? தூய்மைப் பணியாளர், மீன்பிடித் துறைமுகத்தில் பளு தூக்குபவர், இவர்களுக்குக் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் கூடுதல். அதைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வீட்டின் அளவும் கணக்கில் வர வேண்டும். 2020 மே கடைசியில் நகரிலேயே கொரோனா எண்ணிக்கை ராயபுரம் மண்டலத்தில்தான் அதிகம் இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், நாலு வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்றிருந்தால் "தனியாக இருங்கள்" என்ற அறிவுரைக்கு இடமே இல்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்து மக்களை ஒழுக்கமில்லாதவர்கள் என்று பேசியவர்கள் அந்த அறைகளுக்குள் ஒரு தடவை வந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதையும் நடந்து பாருங்கள். ஸ்டான்லி இருக்கிறது, தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. பகலில் பத்து நிமிடம். கனமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால்? சுற்றிப் போகிற வழி எது, இரவில் 108 எந்த முனை வரைக்கும் உள்ளே வரும் என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

முடிவை எழுதுவது

இப்போது ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு விடை: பரவ வாய்ப்பு எவ்வளவு, பரவினால் பாதிப்பு எவ்வளவு. இரண்டும் அதிகம் என்றால் சிவப்பு, ஒன்று அதிகம் என்றால் மஞ்சள், இரண்டும் குறைவு என்றால் பச்சை. நிறத்தோடு நிற்காமல் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "கடைசி எட்டு வீடுகளில் மூன்று நாளாகக் குளோரின் இல்லை, இருவருக்குப் பேதி, ஒரு கர்ப்பிணி, நான்கு சின்னக் குழந்தைகள், வயிற்றுப்போக்கு பரவ வாய்ப்பு அதிகம், பாதிப்பும் அதிகம், தண்ணீர் நாங்களே சோதித்தது, நோயாளிக் கணக்கு கேள்விப்பட்டது." அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். எது கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது என்று தெரிந்தால்தான் படிக்கிற அலுவலர் உங்கள் சொல்லை நம்பி ஆள் அனுப்புவார்.

சில விஷயங்களுக்குக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்: காலரா என்று ஒருவருக்கு உறுதியானால், பெரியவர் ஒருவர் பேதியாகி சில மணி நேரத்தில் கண் குழிந்து துவண்டுவிட்டால், ஒரே வாரத்தில் ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு மஞ்சள்காமாலை வந்தால், காய்ச்சலில் சாவு நடந்தால். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் மல மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த பிறகு கொடுத்தால்தான் கிருமி அகப்படும். ஆனால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர்; டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கலக்கக் கூடாது.

எழுதியதை எங்கே காட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றின் பெயரைப் போட்டு "டெங்கு தெரு" என்று பரப்பிவிட்டார்கள். அந்தத் தெருவிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்களை, இரண்டு வாரம் வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பளமும் இல்லை. அடுத்த முறை நாங்கள் போனபோது அந்தத் தெருவில் ஒருவரும் காய்ச்சல் என்று வாய் திறக்கவில்லை. காய்ச்சல் இருந்தது. நோயாளி பெயர், வீட்டு எண், படம் எதுவும் உங்கள் நோட்டையும் சுகாதார நிலையத்தையும் தாண்டிப் போகக் கூடாது.

சனிக்கிழமை மாலை எல்லா நோட்டையும் வைத்து நிறங்களைத் திருத்துங்கள். பெரிய மழை, குழாய் உடைசல், திருவிழாக் கூட்டம் ஏதாவது வந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே. குழாயை அடைத்து, கடைசி வீட்டுத் தண்ணீரில் குளோரினின் மஞ்சள் திரும்ப வந்துவிட்டால் கொதிக்க வைப்பதை நிறுத்தச் சொல்லலாம். பட்டியலை மட்டும் உடனே மூடிவிடாதீர்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு அந்த நோயின் நீண்ட அடைகாலத்தைப் போல் இரண்டு மடங்கு காத்திருப்பது வழக்கம். காலராவுக்குப் பத்து நாள். மஞ்சள்காமாலைக் கணக்கு நீளமானது. தீபாவளி மழையில் கலந்த சாக்கடைக்கு மார்கழியிலும் ஆள் படுப்பார்கள். அந்தத் தெருவில் உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் பொங்கல் வரைக்கும் வாரம் ஒருமுறை போய், கண் வெள்ளையைப் பாருங்கள்.